ஒப்பு நோக்கியவர் யார்?

"சர்வர் அப்கிரேடு நடக்குதுங்க ஐயா, திங்கட்கிழமை வாங்க." இந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது கேட்காதவர்கள் நம் வயதில் யாரும் இருக்க மாட்டார்கள். பட்டா நகல் வாங்கப் போனாலும் சரி, குடிநீர் இணைப்புக்கு மனு கொடுக்கப் போனாலும் சரி, வீட்டு வரியில் அளவைத் திருத்தப் போனாலும் சரி, இதே பதில்தான். திங்கட்கிழமை போனால் சில சமயம் வேலை முடிந்துவிடும். சில சமயம் வேறு பதில் வரும். "புது சிஸ்டத்துல உங்க உட்பிரிவு காட்ட மாட்டேங்குதே ஐயா." பழசில் இருந்தது புதுசில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. "கம்பெனிக்காரங்க மாத்தினாங்க" என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

எனக்குக் கோபம் வருவது இந்தக் கடைசி வாக்கியத்தில்தான். மாற்றியது கம்பெனிக்காரராக இருக்கலாம். ஆவணம் கம்பெனிக்காரருடையது அல்ல. அது ஆபீஸுடையது, அந்த ஆபீஸை நம்பி நிலத்தையும் வீட்டையும் பதிந்து வைத்திருக்கும் நம்முடையது.

என் சர்வீஸின் கடைசிப் பன்னிரண்டு வருஷம், பூமிக்கடியில் போகும் குழாய்களின் வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் பராமரிக்கும் பிரிவில் கழிந்தது. எந்த ஆபீஸ் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. வரைபடத் தரவுதளத்தைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற்றுவதை அங்கே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: இதைக் கம்ப்யூட்டர் வேலை என்று நினைப்பதுதான் முதல் கோளாறு. இது பதிவேடு பெயர்த்து எழுதுகிற வேலை.

பழைய காலத்தில் பதிவேட்டைப் பெயர்த்து எழுதுவது எப்படி நடந்தது என்று நம்மில் பலருக்குத் தெரியும். எழுதி முடித்ததும் ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார். இன்னொருவர் நகலில் விரல் வைத்து வரி வரியாகத் தொடர்ந்து வருவார். பக்கத்தின் அடியில் நகல் எழுதியவர், படித்தவர், ஒப்பு நோக்கியவர் என்று தனித்தனியாகக் கையெழுத்துப் போடுவார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கி வைத்திருந்தால் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். எழுதியவரே ஒப்பு நோக்கினேன் என்று கையெழுத்துப் போட்டால் எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். எழுதியவர் கண்ணுக்கு அவர் செய்த பிழை தெரியாது என்பது அன்றைக்குக் கடைநிலை எழுத்தருக்கும் தெரிந்த விஷயம்.

இன்றைக்கு லட்சக்கணக்கான மனைகளும் குழாய்களும் தெருக்களும் ஒரே இரவில் ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. மாற்றுகிறவர் ஒப்பந்தக்காரர். சரியாக வந்துவிட்டது என்று சான்று கொடுப்பவரும் அதே ஒப்பந்தக்காரர். ஆபீஸ் அதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு பில்லைப் பாஸ் செய்கிறது. ஒப்பு நோக்கியவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

வரைபடத்தில் ஒப்பு நோக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கம்ப்யூட்டருக்குள் வரைபடம் வெறும் படமாக இருப்பதில்லை. உங்கள் மனையின் ஒவ்வொரு மூலையும் இரண்டிரண்டு எண்களாக இருக்கிறது. அந்த எண்கள் எந்த அளவை முறையைச் சேர்ந்தவை என்று இன்னொரு குறிப்பு உண்டு. அதோடு சர்வே எண், உரிமையாளர் பெயர், பரப்பு எல்லாம் தனித்தனிப் பத்திகளில் கோத்து வைக்கப்பட்டிருக்கும். இவற்றில் எது நழுவினாலும் படம் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் உண்மையாக இருக்காது.

சில உதாரணம் சொல்கிறேன். சென்னை ஏறத்தாழ வட அட்சம் 13.08, கிழக்குத் தீர்க்கம் 80.27-இல் இருக்கிறது. 2019-இல் ப்ராஜ், ஜி-டால் என்ற இரண்டு நிரல் தொகுப்புகளுக்குப் புதிய பதிப்புகள் வந்தன. உலகத்தில் பாதி வரைபட மென்பொருள் இவற்றின் மேல்தான் நிற்கிறது. புதிய பதிப்பு, அட்சம் முதலில், தீர்க்கம் பிறகு என்ற அதிகாரபூர்வ வரிசையைக் கடைப்பிடித்தது. அதுவரை தீர்க்கத்தை முதலில் வைத்தே பலர் நிரல் எழுதியிருந்தார்கள். கவனிக்காமல் மாற்றினால் 13-ம் 80-ம் இடம் மாறி, சென்னை வட துருவத்துப் பக்கம் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலுக்குப் போய்விடும்.

இன்னொன்று. யூ.டி.எம். என்ற முறையில் பூமியை ஆறு ஆறு பாகையாக மண்டலம் பிரித்திருக்கிறார்கள். 78 பாகைத் தீர்க்கம் ஒரு எல்லைக்கோடு. அது தமிழ்நாட்டை இரண்டாக வகிர்ந்துகொண்டு போகிறது. கோயம்புத்தூரும் ஈரோடும் திருநெல்வேலியும் 43-ஆம் மண்டலம். சென்னையும் திருச்சியும் தூத்துக்குடியும் 44. மாற்றும்போது மண்டல எண் தவறிப் போனால் கோயம்புத்தூர் மனை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து வங்கக் கடலுக்குள் விழும்.

இதெல்லாம் வேடிக்கையான பிழைகள். எவர் கண்ணிலும் படும், யாராவது சிரிப்பார்கள், சரிசெய்துவிடுவார்கள். எனக்குப் பயம் சின்னப் பிழைகளிடம்தான். 1802-இல் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிவைத்த பெரிய நில அளவையின் வழியில் வந்த பழைய வரைபடங்கள், பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் வகுத்த கணக்கை ஆதாரமாகக் கொண்டவை. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொது உபயோகத்துக்கு வந்த வரைபடங்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற கணக்கில் இருக்கின்றன. நம் கைப்பேசியின் ஜி.பி.எஸ்ஸும் அதில்தான். ஒரே அட்ச தீர்க்க எண்ணை இரண்டு கணக்கிலும் போட்டால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். நூறு மீட்டர் தள்ளிப் போனால் மனை கடலில் விழாது. பக்கத்துத் தெருவில் விழும். அங்கேயும் வீடுகள் இருக்கும், குழாய் ஓடும், படம் நம்பும்படியாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அந்தத் தெருவில் நடந்த ஆள் வேண்டும்.

எழுத்துக்கும் இதே கதைதான். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் ஆபீஸ்களில் வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்துவைத்த பெயர்கள், முறையாக மாற்றப்படாவிட்டால் புதிய தரவுதளத்தில் கொக்கியும் புள்ளியுமாகத்தான் தெரியும். ஷேப்ஃபைல் என்ற பழைய வடிவத்தின் வழியாகத் தரவை எடுத்துக்கொண்டு போனால் பத்தியின் பெயருக்குப் பத்து எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. மீதி வெட்டுப்படும். ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு பத்திகளில் எது ஆய்வு செய்த தேதி, எது பழுது பார்த்த தேதி என்று பிறகு ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு ஆபத்து இருந்தால் மாற்றாமலே இருந்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். எங்கள் ஆபீஸிலும் சொன்னார்கள். "ஓடுற வண்டியை ஏன் சார் நிறுத்தறீங்க?" அதற்கும் நான் உடன்படவில்லை. மென்பொருளுக்கும் ரிட்டயர்மெண்ட் உண்டு, பென்ஷன்தான் கிடையாது. போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருஷம்தான் ஆதரவு. பதினொன்றாம் பதிப்புக்கு 2023 நவம்பரோடு முடிந்தது. பல ஆபீஸ்களில் வரைபடம் வரையப் பயன்பட்ட ஆர்க்மேப்புக்கு 2026 மார்ச் 1 கடைசி நாள் என்று எஸ்ரி நிறுவனம் பல வருஷம் முன்பே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வராது. ஆகவே மாற்றத்தான் வேண்டும். தேதி வருஷக்கணக்கில் முன்பே தெரிந்திருக்கும்போது, கடைசி வாரத்தில் டெண்டர் விட்டு சனிக்கிழமை ராத்திரியில் மாற்றுவதற்கு என்ன நியாயம்? அதைத்தான் கேட்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரிகளில் மூன்று சமாதானங்கள் தவறாமல் கேட்கும்.

முதலாவது, "எண்ணிக்கை டேலி ஆயிடுச்சு சார்." பழசில் எத்தனை பதிவு இருந்ததோ அத்தனை புதுசிலும் இருக்கிறது என்று ஒரு பட்டியலைக் காட்டுவார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு தடவை இப்படித்தான் ஒன்றுகூடக் குறையாமல் டேலி ஆயிற்று. களத்தில் வேலை செய்கிறவர்கள் கொடுக்கும் திருத்தங்கள் நேராக முதன்மைப் பதிப்பில் ஏறாது. தனியாக ஒரு வரைவுப் பதிப்பில் இருக்கும். அதிகாரி பார்த்த பிறகுதான் முதன்மையில் சேரும். அந்த அப்கிரேடில் முதன்மைப் பதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். முதன்மையை முதன்மையோடு எண்ணிப் பார்த்தார்கள். டேலி ஆகாமல் என்ன செய்யும்? சேர்க்கப்படாமல் இருந்த இரண்டு மாதத் திருத்தங்கள் பழைய இயந்திரத்தோடு போயின.

விஷயம் வெளியே வந்தது ஒரு மழை நாள் ராத்திரியில். பெரிய குழாய் ஒன்று உடைந்து தண்ணீர் தெருவில் ஓடியது. வால்வை மூட வேண்டும். படம் காட்டிய இடத்தில் தோண்டினார்கள், வால்வு இல்லை. சாலை வேலைக்காக அதை நகர்த்தி ஆறு வாரம் ஆகியிருந்தது. நகர்த்திய குறிப்பு தொலைந்த திருத்தங்களில் ஒன்று. இரண்டாவது குழியும் வீண். கடைசியில், ஓய்வு பெற இருந்த ஒரு ஃபிட்டரை வீட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார்கள். அவர் ஒரு டீக்கடையை அடையாளம் வைத்து இடத்தைக் காட்டினார். அந்தப் பகுதிக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. "டேட்டா எல்லாம் பக்காவா இருக்கு சார்" என்று சான்று கொடுத்தவர் அப்போது வேறு ஊரில் வேறு ஒப்பந்தத்தில் இருந்தார்.

இரண்டாவது சமாதானம், "பேக்கப் இருக்கு சார்." தரவுதளத்தைப் புதிய பதிப்புக்கு ஏற்றிவிட்டால் திரும்ப இறக்க வழி கிடையாது. ஏதாவது தவறினால் முன்பு எடுத்துவைத்த பேக்கப்பிலிருந்து மீட்பது ஒன்றுதான் கதி. அந்தப் பேக்கப்பைக் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள், அறை அமைதியாகிவிடும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு பொறியாளர் களைப்பில் தவறான தரவுதளத்தை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து ஏற்பாடு வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு எடுத்துப் பார்த்தபோது எதுவும் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல் இருந்ததால் தப்பித்தார்கள். கம்ப்யூட்டரே தொழிலாக உள்ளவர்களுக்கு இந்த கதி. மீட்டுப் பார்க்காத பேக்கப், சாவி போட்டுப் பார்க்காத பூட்டு மாதிரி.

மூன்றாவது, "இது டெக்னிக்கல் சார், நாங்க பாத்துக்கறோம்." இங்கிலாந்தில் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் கணக்குகள் அத்தனையையும் புதிய கம்ப்யூட்டர் அமைப்புக்கு மாற்றியது. திங்கட்கிழமை லட்சக்கணக்கானவர்களால் தங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை. 2022 டிசம்பரில் மேற்பார்வை அமைப்புகள் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தன. அதோடு விடவில்லை. 2023-இல் அந்த வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவராக இருந்தவருக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம். அவர் நிரல் எழுதினார் என்பதற்காக இல்லை. வேலை செய்து கொடுத்தவர்களை அவர் சரியாக மேற்பார்வை பார்க்கவில்லை என்பதற்காக. 'அவங்க பாத்துக்கறோம்னாங்க' என்பது அங்கே பதிலாக ஏற்கப்படவில்லை.

இதை நான் சொல்லும்போது ஒரு இளைஞர், நல்ல பையன், கேட்டார். "சார், லட்சக்கணக்கான பதிவை ஒவ்வொண்ணா படிச்சு ஒப்பு நோக்கணும்னா பத்து வருஷம் ஆகும். நடக்குற காரியமா?" நியாயமான கேள்வி. எண்களை எண்களோடு ஒப்பிடுவது இயந்திரத்தின் வேலை தம்பி, அதை இயந்திரமே செய்யட்டும். ஒவ்வொரு மனையின் பரப்பும் முன்னால் என்ன, பின்னால் என்ன என்று நிரல் எழுதி ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் பட்டியல் போடலாம். மனிதன் செய்ய வேண்டியது வேறு. ஒரு வார்டுக்கு இருபது இடம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வார்டை நடந்து அறிந்த சர்வேயரையோ ஃபிட்டரையோ லைன்மேனையோ உட்காரவைத்து, புதிய படத்தைத் திறந்து காட்டுங்கள். உன் வார்டு இப்படித்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். இருபது இடத்தை அவர் அரை நாளில் பார்த்து முடித்துவிடுவார். கோவில் குளத்துக்குத் தெற்கே ஓட வேண்டிய குழாய் வடக்கே ஓடினால் அவர் கண்ணிலிருந்து தப்பாது. அவருடைய கையெழுத்தையும் சான்றில் வாங்குங்கள். இதற்குப் பத்து வருஷம் வேண்டாம், பத்து நாள் போதும். அந்தப் பத்து நாளைக் கொடுக்க மனம் இல்லாமல்தான் பிறகு வருஷக்கணக்கில் மக்களை அலையவிடுகிறோம்.

சரி, ஒழுங்காகச் செய்வது எப்படி? இதில் எந்த ரகசியமும் இல்லை.

முதலில், இந்தத் தரவுதளத்தோடு எந்தெந்த நிரல், எந்தெந்தக் கிளை ஆபீஸ் இணைந்திருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். மூலையில் ஒரு கம்ப்யூட்டரில் பத்து வருஷமாக ஓடும் நிரல் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அடுத்தது, தேங்கிக் கிடக்கும் திருத்தங்களை எல்லாம் முதன்மையில் சேர்த்து, சேர்க்கக் கூடாதவற்றைக் காரணம் எழுதித் தள்ள வேண்டும். குப்பையோடு வீடு மாற்றினால் குப்பையும் கூடவே வரும். பிறகு தனி இயந்திரத்தில் முழு ஒத்திகை பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஆகிறது, எங்கே முட்டுகிறது என்று குறித்துக்கொண்டு இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும். பேக்கப்பை மீட்டுக் காட்டச் சொல்லி, தேதியோடு எழுதி வைக்க வேண்டும்.

உண்மையான நாளில் எல்லாரையும் இணைப்பிலிருந்து வெளியேற்றிய பிறகுதான் கைவைக்க வேண்டும். இத்தனை மணிக்குள் முடியாவிட்டால் பழையதற்கே திரும்புவோம் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதைச் சொல்லும் அதிகாரம் ஒரு ஆளிடம் இருக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குக் கூடிப் பேசி எடுக்கிற முடிவு நல்ல முடிவாக இருக்காது. முடிந்த பிறகு பழைய தரவுதளத்தைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். பழசில் இருந்ததே என்று ஒருவர் வந்து நின்றால் உடனே திறந்து பார்க்க அது ஒன்றுதான் வழி.

இத்தனைக்கும் ஆகும் செலவு, இரண்டு குழி தோண்டி ரோட்டைத் திரும்பப் போடும் செலவோடு, உட்பிரிவு காணாமல் போனவர் வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. அந்த இரண்டாவது செலவு ஆபீஸ் கணக்கில் வராது, நம் கணக்கில் வரும். அதனால்தான் முதல் செலவைச் செய்ய யாருக்கும் அவசரம் இல்லை.

நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் பட்டாவையும் புலப்படத்தையும் இன்றைக்கே பிரிண்ட் எடுத்து, தேதி போட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ஆன்லைனில்தான் இருக்கிறதே என்று பையன் சொன்னால் கேட்காதீர்கள். புதிய சிஸ்டம் வந்தது என்று காதில் விழுந்ததும் ஒரு தடவை திறந்து, பெயர், பரப்பு, உட்பிரிவு, பக்கத்து எல்லை நான்கையும் பழைய பிரிண்டோடு வைத்துப் பாருங்கள். உங்கள் மனைக்கு நீங்களே ஒப்பு நோக்கியவர் ஆகுங்கள்.

அப்புறம், 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்கள் ஊரில் வரைபடத் தரவுதளத்தை மாற்றிய எந்த ஆபீஸுக்கும் இந்த நாலு கேள்வியை எழுதி அனுப்பலாம்:

1. மாற்றத்துக்கு முன் பேக்கப்பை மீட்டுச் சோதித்த தேதி எது? அந்தச் சோதனை அறிக்கையின் நகல் தேவை.

2. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பரப்போ எல்லையோ மாறிய பதிவுகளின் பட்டியல் எடுக்கப்பட்டதா? அதன் நகல் தேவை.

3. பழைய தரவுதளம் இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது? எந்தத் தேதி வரை வைக்கப்படும்?

4. புதிய தரவை மூலத்தோடு ஒப்பு நோக்கிக் கையெழுத்திட்ட அலுவலரின் பதவி என்ன?

நான் ஒன்று அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். நீங்களும் அனுப்பினால் என்ன பதில் வந்தது என்று சொல்லுங்கள்.